ஹெட்செட்டுக்குள் எல்லோருக்கும் குறைபார்வை

இந்தியாவின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016இன் அட்டவணையில் குறைபார்வைக்கு ஓர் அளவு கொடுக்கப்பட்டிருக்கிறது. கண்ணாடி போட்ட பிறகும், இரண்டில் நன்றாகத் தெரிகிற கண்ணின் பார்வை 6/18ஐத் தாண்டவில்லை என்றால் அது குறைபார்வை. நல்ல பார்வை உள்ளவர் 18 மீட்டர் தள்ளி நின்றே படித்துவிடும் எழுத்தை இவர் 6 மீட்டருக்குள் வந்தால்தான் படிக்க முடியும் என்பது அந்தப் பின்னத்தின் பொருள்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. கோளாறில்லாத கண் ஒரு பாகைக் கோணத்துக்குள் சுமார் 60 புள்ளிகளைத் தனித்தனியாகப் பிரித்தறியும். 2020இல் வெளிவந்து, விலை குறைவு என்பதால் பயிற்சி வகுப்புகளுக்குள் பரவலாக நுழைந்த குவெஸ்ட் 2 என்ற மெய்நிகர் (வி.ஆர்.) ஹெட்செட் ஒரு பாகைக்குக் காட்டுவது ஏறக்குறைய 20 பிக்சல்தான். மூன்றில் ஒரு பங்கு. 6/6 பார்வையோடு வந்து அதை மாட்டிக்கொள்பவர் உள்ளே 6/18 பார்வையோடு நிற்கிறார். அடுத்து வந்த குவெஸ்ட் 3இல் இது 25 பிக்சல் ஆனது. விலை எகிறிய சில கருவிகள் 30ஐத் தாண்டியிருக்கின்றன. பெரும்பாலான கருவிகளுக்கு 60ஐ எட்ட இன்னும் தூரம் இருக்கிறது.

பார்வையோடு முடிந்துவிடுவதில்லை. மாட்டியவருக்குத் தன் கால் தெரியாது. கைக்குப் பதில் மிதக்கும் ஒரு பொம்மைக் கை தெரியும். பல செயலிகளில் அதற்கு விரல் மடங்காது. அறையில் யார் வந்தார், யார் போனார் என்பது காதுக்குச் சரியாக எட்டாது. தொட்ட பொருளுக்குக் கனமில்லை. ஆக, மெய்நிகர் உலகத்துக்குள் நுழைகிற எவரும் பார்வையில், தொடுவுணர்வில், உடல் சமநிலையில் எதையாவது வாசலில் கழற்றி வைத்துவிட்டுத்தான் போகிறார்.

இதைச் சொல்வது கருவியை மட்டம் தட்டுவதற்காக அல்ல. அணுகல் வசதி என்றால் எல்லாம் முடிந்த பிறகு, சிறு எண்ணிக்கையினருக்காக ஓரத்தில் ஒட்டவைக்கும் சலுகை என்ற எண்ணம் பயிற்சி மென்பொருள் செய்பவர்களிடம் ஊறிப்போயிருக்கிறது. வி.ஆர். விஷயத்தில் அந்த எண்ணம் அடியோடு தவறு. இங்கே இயலாமையில் பெரும்பகுதியை உண்டாக்குவதே கருவிதான். குறைபார்வை உள்ளவருக்காக எழுத்தைப் பெரிதாக்கினால் வகுப்பு முழுவதற்கும் படிக்க வருகிறது. இதை ஒப்புக்கொண்டு தொடங்குகிற வடிவமைப்பாளருக்குப் பாதி வேலை முடிந்துவிடும்.

பயிற்சிக்காகப் பொய்யாக ஓர் உலகத்தைக் கட்டுவது பழைய யோசனை. அமெரிக்காவின் பிங்காம்டன் நகரில் ஆர்கன், பியானோ செய்யும் குடும்பத்தைச் சேர்ந்த எட்வின் லிங்க், 1929இல் ஆர்கன் துருத்திகளை வைத்தே ஆடி அசையும் ஒரு விமானப் பயிற்சிக் கூண்டைச் செய்தார். முதலில் அதை வாங்கியவை பொழுதுபோக்குப் பூங்காக்கள். 1934இல் தபால் சுமந்த ராணுவ விமானிகள் மோசமான வானிலையில் அடுத்தடுத்து இறந்த பிறகுதான் ராணுவம் அவரைத் தேடி வந்தது. தப்பு செய்தால் உயிர் போகும் வேலையை, தப்பு செய்தாலும் பரவாயில்லை என்ற இடத்தில் பழகுவது. அதுதான் அன்றைக்கும் இன்றைக்கும் இந்தத் துறையின் ஆதாரம்.

பலன் உண்டா என்றால், உண்டு. 2002இல் வெளியான யேல் பல்கலைக்கழக ஆய்வில் அறுவைச் சிகிச்சை பயிலும் 16 மருத்துவர்கள் இரு அணியாகப் பிரிக்கப்பட்டார்கள். ஓர் அணி சிமுலேட்டரில் பழகியது, இன்னொன்று வழக்கமான முறையில். பிறகு உண்மையான நோயாளிகளுக்குப் பித்தப்பை அறுவை. சிமுலேட்டரில் பழகியவர்கள் பித்தப்பையைப் பிரித்தெடுக்கும் கட்டத்தை 29 சதவீதம் விரைவாக முடித்தார்கள். மற்ற அணியினர் பித்தப்பையைக் காயப்படுத்தவோ, தொடக்கூடாத திசுவைச் சுடவோ 5 மடங்கு அதிக வாய்ப்பு இருந்தது. 2018இல் வால்மார்ட் தன் அமெரிக்கக் கடைகளுக்கு 17,000 ஹெட்செட்டுகளை அனுப்பப்போவதாக அறிவித்தது. அப்போது இது ஆய்வகச் சமாசாரம் என்ற நிலையைத் தாண்டிவிட்டது. சென்னை ஐ.ஐ.டி.யின் தொழில் காப்பகத்தில் வளர்ந்த ஸ்கில்வெரி நிறுவனம் வெல்டிங்குக்கும் ஸ்பிரே பெயின்டிங்குக்கும் சிமுலேட்டர்கள் செய்கிறது. வெல்டிங் இதற்கு வாகான தொழில்: ராடு, கேஸ், கரண்ட், இரும்பு என்று எதுவும் வீணாகாமல் ஆயிரம் முறை பழகலாம், டார்ச் பிடித்த கோணம், நகர்த்திய வேகம், இடைவெளி மூன்றையும் கருவி அளந்து சொல்லிவிடும்.

வகுப்புக்கு வருகிறவர் யார் என்பதைப் பார்ப்போம். 48 வயது வெல்டர் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். கால் நூற்றாண்டு அனுபவம். ஆலையில் ரோபோ வந்துவிட்டது, புதுமுறை கற்றுக்கொண்டு வா என்று அனுப்பியிருக்கிறார்கள். வகுப்பை நடத்துபவருக்கு வயது 24. ஹெட்செட்டைச் சோதித்துப் பார்த்த அனைவருக்கும் வயது 24 பக்கம்தான்.

வெல்டருக்கு வெள்ளெழுத்து வந்து சில ஆண்டுகள் ஆகியிருக்கும். சட்டைப்பையில் படிக்கிற கண்ணாடி. இங்கே பலரும் எதிர்பார்க்காத ஒரு சங்கதி இருக்கிறது: வி.ஆர். ஹெட்செட்டுக்குள் அவருக்கு அந்தக் கண்ணாடி பெரும்பாலும் தேவைப்படாது. ஹெட்செட்டின் வில்லைகள் திரையில் உள்ள அத்தனையையும் ஒன்றரை மீட்டர், இரண்டு மீட்டர் என்ற ஒரே தொலைவில் இருப்பது போலத்தான் கண்ணுக்குக் கொடுக்கின்றன. மெய்நிகர் தாளை மூக்குக்கு அருகில் கொண்டுவந்தாலும் குவியத்தைப் பொறுத்தவரை அது அதே தொலைவில்தான். இளைஞரின் கண் இதில் குழம்பும். இரு விழிகளும் 'பொருள் பக்கத்தில்' என்று உள்நோக்கித் திரும்ப, விழி வில்லையோ 'தூரத்தில்' என்று குவிய வேண்டியிருக்கும்; இந்த இழுபறியே கண்வலிக்கு ஒரு காரணம். வெள்ளெழுத்து வந்த கண்ணில் வில்லை ஏற்கெனவே வளைந்து கொடுப்பதைப் பெருமளவு குறைத்துவிட்டதால், இழுபறிக்கு அங்கே அதிகம் வேலையில்லை. வயது லாபமாக முடிகிற அபூர்வமான இடம் இது.

கணினி ஒளிக்காட்சியை நிஜ உலகத்தின் மேல் ஏற்றிக் காட்டும் மிகைமெய், அதாவது ஏ.ஆர்., இதற்கு நேர் எதிர். ஹோலோலென்ஸ் போன்ற கண்ணாடிகளில் அம்புக்குறியும் குறிப்பும் 2 மீட்டர் குவியத்தில் நிற்கின்றன. கையில் இருக்கும் போல்ட்டோ முப்பது, நாற்பது சென்டிமீட்டரில். படிக்கிற கண்ணாடியைப் போட்டால் போல்ட் தெரியும், அம்பு மங்கும். கழற்றினால் அம்பு தெரியும், மரை தெரியாது. இரண்டையும் மாறி மாறிப் பார்த்துத் தடுமாறுகிறவரை 'புதுசுக்குப் பழக்கமில்லை' என்று மேற்பார்வையாளர் குறித்துவைப்பார். குறிப்புகளைப் படமாக மிதக்கவிடுவதோடு குரலாகவும் சொல்லிவிட்டால் இந்தத் தடுமாற்றத்தில் பாதி தீர்ந்துவிடும்.

மாட்டுவதிலேயே இன்னும் சில சிக்கல்கள். வயதுவந்தோரின் இரு கருவிழி மையங்களுக்கு இடைப்பட்ட தூரம் சராசரியாக 63 மில்லிமீட்டர். ஆனால் 50இலிருந்து 75 வரை ஆளுக்கு ஆள் மாறும். குவெஸ்ட் 2 தந்தது 58, 63, 68 என்று மூன்றே நிலைகள். இந்த இடைவெளி பொருந்தாவிட்டால் படம் மங்கும், தலை வலிக்கும். பெண்களுக்கு வி.ஆர். ஒத்துக்கொள்ளாது என்று வெகுகாலம் ஒரு பேச்சு இருந்தது. கே ஸ்டானியும் அவருடைய சகாக்களும் 2020இல் வெளியிட்ட ஆய்வு அந்தப் பேச்சின் அடியில் கை வைத்தது. பெண்களின் விழி இடைவெளி சராசரியாகச் சிறியது, கருவியோ ஆண் அளவுக்குச் செய்யப்பட்டது. இடைவெளி பொருந்திய, முன்பே பயணக் குமட்டல் தொல்லை அதிகமில்லாத பெண்களுக்கு ஆண்களைப் போலவேதான் இருந்தது. கோளாறு உடம்பில் இல்லை, அளவுகோலில்.

இதே வரிசையில் நம் ஊர் வகுப்பறையில் நடப்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். கொண்டை போட்டவருக்குப் பின்பட்டை உட்காராது. பூ வைத்துக்கொண்டு வந்தவர் பூவை எடுத்து எங்கே வைப்பது என்று பார்ப்பார். எண்ணெய் வைத்த தலையிலிருந்து அடுத்தவர் தலைக்கு ஹெட்செட் மாறும்போது ஒரு தயக்கம் வரும், பேச மாட்டார்கள். ஹெட்செட்டின் முகமெத்தைக்கு ஆளுக்கு ஓர் உறை, கழற்றி மாட்ட எளிதான பட்டை, பட்டையைச் சரிசெய்ய மறைவாக ஒரு கண்ணாடி: ஐந்து நிமிடத்தில், சில நூறு ரூபாயில் முடிகிற காரியங்கள். எந்த விற்பனையாளரின் விளக்கப் படத்திலும் இவை வருவதில்லை.

தலைசுற்றலுக்கு வருவோம். 1950களின் பிற்பகுதியில் அமெரிக்கக் கடற்படையிடம் ஒரு ஹெலிகாப்டர் சிமுலேட்டர் இருந்தது. அதில் ஏறியவர்களுக்குக் குமட்டலும் தலைசுற்றலும் வந்தன. ஆராய்ந்தவர்களைத் திகைக்க வைத்தது, அது யாருக்கு வந்தது என்பதுதான். மாணவர்களில் 12 சதவீதத்தினருக்கு. பயிற்றுநர்களில் 60 சதவீதத்தினருக்கு. உண்மையான ஹெலிகாப்டரில் பல நூறு மணி நேரம் பறந்த உடம்புக்கு, இந்தத் திருப்பத்தில் உட்செவி என்ன சொல்ல வேண்டும், இருக்கை எப்படி அழுத்த வேண்டும் என்று தெரியும். கண் 'திரும்புகிறோம்' என்று சொல்கிறது. மற்ற புலன்கள் வாயைத் திறக்கவில்லை. புதியவருக்கு எதிர்பார்ப்பே இல்லாததால் முரணும் சிறியது.

வயதுவந்தோர் கல்வியில் அனுபவத்தை எப்போதும் மூலதனம் என்றே பேசுவார்கள். கல்வியாளர் மால்கம் நோல்ஸ் 1973இல் எழுதிய நூல் முதல் இன்றுவரை அந்தப் பேச்சு ஓயவில்லை, சரிதான். ஆனால் வி.ஆரில் அதே அனுபவம் குமட்டலாகவும் திரும்பி வரும் என்பதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். இருபது வருடம் கிரேன் ஓட்டியவர் மெய்நிகர் கிரேனில் மூன்றாவது நிமிடம் வெளிறிப்போனால், அவர் தொழில்நுட்பத்துக்குப் பயப்படுகிறார் என்று அர்த்தமில்லை. அவர் உடம்பு தொழிலை அவ்வளவு நன்றாக அறிந்திருக்கிறது.

இதற்குக் கைகண்ட வழிகள் இருக்கின்றன. தலையை அசைத்ததற்கும் படம் மாறுவதற்கும் இடையே 20 மில்லி விநாடிக்கு மேல் போகக்கூடாது. இது கருவி செய்பவர் பொறுப்பு. பயிற்சியை எழுதுபவர் பொறுப்பு, மாட்டியவரின் தலை அசையாமல் காட்சியைத் தானாக நகர்த்தாமல் இருப்பது. நடந்து போக வேண்டிய இடத்துக்குச் சறுக்கிக்கொண்டு போவதைவிட, குறி வைத்த இடத்தில் சட்டென்று போய் நிற்பது வயிற்றைக் கலக்காது. நகரும் நேரத்தில் மட்டும் பார்வையின் ஓரங்களை மெல்ல இருட்டாக்கினால் குமட்டல் குறைகிறது என்று கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 2016இல் காட்டினார்கள். செய்தது நுட்பமாக இருந்ததால், ஓரம் இருண்டதையே பலர் கவனிக்கவில்லை. யாருக்கு எவ்வளவு தாங்கும் என்பதை அளக்க 1993இல் ராபர்ட் கென்னடி குழுவினர் உருவாக்கிய 16 அறிகுறிகள் கொண்ட கேள்வித்தாள் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. தமிழில் பெயர்த்து வகுப்புக்கு முன்னும் பின்னும் நிரப்பச் சொன்னால் ஒரே வாரத்தில் உண்மை நிலவரம் தெரிந்துவிடும். பயிற்சி முடிந்த கையோடு யாரையும் டூவீலரை எடுக்க விடாமல் கொஞ்ச நேரம் உட்காரவைத்து அனுப்புவதும் பாடத்திட்டத்தில் எழுதப்பட வேண்டிய வரிதான்.

எழுத்துக்கு வருவோம். பாகைக்கு 20 பிக்சல் என்ற கணக்கு ஆங்கிலத்தைவிடத் தமிழை அதிகமாகப் படுத்துகிறது. ண, ன இரண்டுக்கும் வித்தியாசம் ஒரு சுழி. மெய்யெழுத்துக்கும் உயிர்மெய்க்கும் வித்தியாசம் தலைமேல் ஒரு புள்ளி. சிறிய அளவில் அந்தப் புள்ளி ஒரு பிக்சலுக்குள் கரைந்துவிடும். எச்சரிக்கைப் பலகையில் புள்ளி போய்விட்டால், படிப்பவர் சூழலை வைத்து ஊகிக்க வேண்டியதுதான். ஆங்கிலத்துக்குப் போதும் என்று வைத்த எழுத்தளவைத் தமிழுக்கு அப்படியே வைப்பது பெரும்பாலும் போதாது.

இதைவிடத் தீராத தலைவலி ஒன்று உண்டு. யூனிகோடில் 'வெ' என்பது முதலில் 'வ', பிறகு கொம்பு என்ற வரிசையில் சேமிக்கப்படுகிறது. திரையில் காட்டும்போது கொம்பை எடுத்து முன்னால் வைப்பது எழுத்துருவை வடிவமைத்துக் காட்டும் ஒரு தனி நிரலின் வேலை. செல்பேசியும் உலாவியும் இதைச் சத்தமில்லாமல் செய்துவிடுகின்றன. வி.ஆர். பயிற்சிகளில் ஏராளமானவை உருவாக்கப்படும் யூனிட்டி மென்பொருளின் வழக்கமான எழுத்துக் கருவி நெடுங்காலம் இதைச் செய்யவில்லை. 'வெப்பம்' என்று தட்டினால் கொம்பு 'வ'வுக்குப் பின்னால் போய் அநாதையாக நிற்கும். காலக்கெடுவில் தவிக்கும் நிரலாளர் என்ன செய்வார்? வேறெங்கோ தமிழைத் தட்டி, படமாக எடுத்து, சுவரில் ஒட்டிவிடுவார். பார்க்கச் சரியாகத்தான் இருக்கும். ஆனால் படமாகிவிட்ட எழுத்தைப் பெரிதாக்கினால் கட்டம் கட்டமாக உடையும், நிறத்தை மாற்ற முடியாது, உரையை வாசித்துக் காட்டும் மென்பொருளுக்கு அது வெறும் சுவர். மொழியில் வந்த ஒரு சின்னக் கோளாறு, பார்வைக் குறைபாடு உள்ளவரை அப்படியே வெளியே தள்ளிவிடுகிறது. யூனிட்டியின் புதிய பதிப்புகள் இதைச் சரிசெய்யத் தொடங்கியிருக்கின்றன. பழைய பயிற்சிகளைத் திறந்து திருத்த யார் பணம் தருவார் என்பது வேறு கேள்வி.

வழி இல்லாமல் இல்லை. மைக்ரோசாஃப்ட் ஆராய்ச்சிப் பிரிவில் யுஹாங் ஜாவோ உள்ளிட்டோர் 2019இல் சீயிங்வி.ஆர். என்ற 14 கருவிகள் கொண்ட தொகுப்பை வெளியிட்டார்கள். உருப்பெருக்கி, பொருள்களின் விளிம்பைத் தடித்த கோடாகக் காட்டுவது, ஒளிர்வைக் கூட்டுவது, சுட்டிய பொருள் என்னவென்று குரலில் சொல்வது என்று. அவற்றில் 9 கருவிகள் முன்பே செய்து முடித்த செயலியின் மேல் அப்படியே ஏறி உட்காரும். மீதி ஐந்துக்கு மட்டும் செயலியை எழுதியவர் கொஞ்சம் மெனக்கெட வேண்டும்: காட்சியில் உள்ள பொருளுக்குப் பெயர் வைப்பது போன்ற மெனக்கெடல். 'தீயணைப்பான்' என்று பெயரிட்டால் அது குரலில் ஒலிக்கும். பெயரிடாமல் விட்டால் 'கியூப் 47' என்று ஒலிக்கும்.

காது. நல்ல வெல்டருக்குக் காது இரண்டாவது கண். ஆர்க் சரியாகப் பிடித்துவிட்டால் அப்பளம் பொரிகிற மாதிரி ஒரே சீராகச் சத்தம் வரும். இடைவெளி கூடினால் அது சீறும், குறைந்தால் தட்டும். சிமுலேட்டரும் இந்தச் சத்தத்தை அக்கறையாகப் போட்டுக் காட்டுகிறது. காது கேளாத ஒருவர் அந்த வகுப்பில் இருந்தால், சத்தத்தின் கீழே 'ஆர்க் ஒலி' என்று வசனம் போடுவதால் எந்தப் பயனும் இல்லை. சத்தம் தாங்கி வந்த தகவல் அவருக்குப் போய்ச் சேர வேண்டும். அதையே கைப்பிடியின் அதிர்வாகவோ, பார்வை ஓரத்தில் நிறம் மாறும் பட்டையாகவோ கொடுக்கலாம். அதிர்வு வைத்தால், காது கேட்பவர்களும் பட்டறை இரைச்சலில் அதைத்தான் நம்பத் தொடங்குவார்கள் என்பது என் ஊகம்.

வசனத்தை எங்கே போடுவது என்பதும் லேசான கேள்வியல்ல. சினிமாவில் திரைக்கு அடிப்பகுதி என்று ஒன்று இருக்கிறது. சுற்றிலும் உலகம் விரிந்திருக்கும் இடத்தில் அடிப்பகுதி எது? பி.பி.சி.யின் ஆய்வுப் பிரிவு நான்கு விதமாக வைத்துப் பார்த்தது. சுற்றிலும் மூன்று இடத்தில் ஒட்டுவது, தலையோடு கூடவே வருவது, சற்றுத் தாமதித்துப் பின்தொடர்வது, தோன்றிய இடத்திலேயே நிற்பது. பார்வையாளர்கள் அதிகம் விரும்பியது எளிய வழியை: தலை எங்கே திரும்பினாலும் கண்முன்னே நிற்கும் வசனம். பயிற்சிக்கு இதோடு இன்னொன்று தேவை. பின்னாலிருந்து ஃபோர்க்லிஃப்ட் வருகிறது என்று எழுதினால் மட்டும் போதாது. எந்தப் பக்கம் என்று ஓர் அம்பும் வேண்டும். ஒரு காது மட்டும் கேட்பவருக்கும் அதே அம்புதான் உதவும். இடம், வலம் என்று பிரித்துத் தரும் ஒலி அவருக்குப் பாதியாகத்தான் போய்ச் சேரும்.

கைகளைப் பற்றி மார்டெஸ் மாட் தலைமையில் 2020இல் வந்த ஓர் ஆய்வு, அசைவுக் குறைபாடு உள்ள 16 பேரிடம் பேசி ஏழு தடைகளைப் பட்டியலிட்டது. அவற்றில் முதல் சில தடைகள் மெய்நிகர் உலகத்துக்கு உள்ளே இல்லை, வாசலிலேயே இருக்கின்றன. கருவியை நிறுவுவது, தலையில் மாட்டுவது, கழற்றுவது, பட்டையை இறுக்குவது, காலில் சிக்கும் ஒயரைச் சமாளிப்பது. அதன்பிறகு இரண்டு கைப்பிடிகளையும் ஒரே நேரத்தில் இயக்குவது, விரலுக்கு எட்டாத பொத்தான்கள். பயிற்சி எவ்வளவு அருமையாக எழுதப்பட்டிருந்தாலும், துணைக்கு ஆள் இல்லாமல் மாட்ட முடியாத ஒருவருக்கு அது இல்லாத பயிற்சி.

உள்ளே போன பிறகு நான் கேட்க நினைக்கும் கேள்வி ஒன்றே: இந்தச் சிரமம் வேலையின் சிரமமா, கருவியின் சிரமமா? வெல்டிங்கில் டார்ச்சின் கோணம் என்பது வேலையே. அதைத் தளர்த்தினால் வெல்டர் உருவாக மாட்டார். தீயணைப்புப் பயிற்சியில் கற்க வேண்டியது வரிசை: ஊசியை இழு, தீயின் அடிப்பாகத்தைக் குறிவை, பிடியை அழுத்து, இடவலமாக வீசு. ஆனால் பல செயலிகளில் ஊசியை இழுக்க நடுவிரலால் ஒரு பொத்தானைப் பிடித்துக்கொண்டே ஆள்காட்டி விரலால் இன்னொன்றை அழுத்தி, கையைப் பின்னால் இழுக்க வேண்டும். இதைச் செய்ய முடியாமல் மூட்டுவாதக்காரர் தோற்றால், அவர் தீயணைப்பதில் தோற்கவில்லை; வீடியோ கேம் கைப்பிடியில் தோற்றிருக்கிறார். மதிப்பெண் பட்டியலில் இரண்டும் ஒன்றுதான். இங்கே ஊசியைச் சில விநாடி உற்றுப் பார்த்தாலே அது கழன்று வர அனுமதிக்கலாம், வாய்ச்சொல்லால் இயக்கலாம், ஒரே கையால் முடியும்படி மாற்றலாம். எதைத் தளர்த்தலாம், எதைத் தொடக்கூடாது என்று முடிவு செய்ய வேண்டியவர் நிரலாளர் அல்ல, அந்தத் தொழிலில் பழுத்தவர். நடைமுறையில் அவரைக் கூப்பிடுவது கடைசி வாரத்தில், நாடா வெட்டத்தான்.

உயரமும் இப்படித்தான். சக்கர நாற்காலியில் அமர்ந்திருப்பவருக்கு மெய்நிகர் மேசை நெஞ்சுக்கு மேலே வந்து நிற்கும். தரையில் விழுந்த பொருள் எட்டவே எட்டாது. ஜாப் சிமுலேட்டர் என்ற விளையாட்டைச் செய்த ஆவுல்கெமி நிறுவனம், குள்ளமானவர்களுக்கும் குழந்தைகளுக்கும் என்று 'சிறிய மனிதர்' நிலை ஒன்றைச் சேர்த்தது. அமர்ந்தபடி ஆடுபவர்களுக்கும் அதுவே கைகொடுத்தது. விளையாட்டுக்காரர்கள் செய்ததைத் தொழிற்பயிற்சிக்காரர்கள் இன்னும் எட்டிப் பிடிக்கவில்லை.

ஏ.ஆர். என்ற பெயரே விமானத் தொழிற்சாலையில் பிறந்தது. 1990களின் தொடக்கத்தில் போயிங்கில் டாம் காடெலும் டேவிட் மைசெலும், ஒயர்க் கட்டுகளை அடுக்கும் தொழிலாளிக்கு எந்த ஒயர் எங்கே என்று கண்முன் காட்ட நினைத்தார்கள். ஆனால் அணுகலுக்கு நல்ல உதாரணம் தலையில் எதையும் மாட்டாத ஒரு முறை. ஜெர்மனியில் ஷ்டுட்கார்ட் பல்கலைக்கழகத்தின் மார்க்குஸ் ஃபுங்கும் சகாக்களும், அறிவுசார் குறைபாடு உள்ளவர்கள் பணிபுரியும் பட்டறையில் மேசைக்கு மேலே ஒரு புரொஜெக்டரையும் கேமராவையும் தொங்கவிட்டார்கள். அடுத்து எடுக்க வேண்டிய பெட்டியின் மேல் வெளிச்சம் விழும். பாகத்தை வைக்க வேண்டிய இடத்தில் அதன் வெளிக்கோடு விழும். படம் காட்டுவதைவிட, வீடியோ காட்டுவதைவிட, அந்த வெறும் வெளிக்கோடுதான் நன்றாக வேலை செய்தது. 2015இல் வெளியான முடிவு இது. ஹெட்செட் இல்லை, பட்டை இல்லை, குமட்டல் இல்லை, கண்ணாடிக்காரருக்கும் தொல்லை இல்லை.

இதே குழு 2017இல் இன்னொன்றைக் கண்டது. வெளிச்சக் குறிப்பு புதியவர்களுக்கு உதவியது. கைதேர்ந்தவர்களின் வேகத்தையோ குறைத்தது. அடுத்தது என்ன என்று கைக்கே தெரிந்தவருக்கு ஒவ்வொரு அடியிலும் வழிகாட்டுவது இடைஞ்சல். எனவே உதவியைக் கூட்டவும் குறைக்கவும் அணைக்கவும் ஒரு திருகு, கற்பவர் கையிலேயே இருக்க வேண்டும். மேலாளர் மேசையில் அல்ல.

எதற்கெடுத்தாலும் வி.ஆர். வேண்டுமா என்ற கேள்விக்கும் ஆய்வு உண்டு. குய்டோ மக்ரான்ஸ்கியும் ரிச்சர்டு மேயர் உள்ளிட்டோரும் 2019இல், ஒரே ஆய்வகப் பாடத்தைச் சாதாரணத் திரையிலும் ஹெட்செட்டிலும் கொடுத்துப் பார்த்தார்கள். ஹெட்செட்டில் 'அங்கேயே இருப்பது' போன்ற உணர்வு அதிகம். கற்றது குறைவு. காட்சியின் ஆரவாரமே மூளையின் கவனத்தில் ஒரு பங்கைத் தின்றுவிட்டது. கையும் உடம்பும் பழக வேண்டிய பாடத்துக்கு ஹெட்செட் சரி. விதிமுறைகளை மனப்பாடம் செய்ய அது ஆடம்பரம். அதே பாடத்தைத் திரையிலும் முடித்து, அதே சான்றிதழை வாங்க ஒரு வழி இருக்க வேண்டும் என்று கேட்டால், செலவு இரட்டிப்பாகும் என்கிறார்கள். முதலிலேயே திட்டமிட்டால் இரட்டிப்பாகாது: காட்சிகளும் பொருள்களும் ஒன்றே, நகரும் முறைதான் வேறு. வலிப்பு உள்ளவர், கருவுற்று வாந்தியில் தவிப்பவர், கண் அறுவை செய்து ஆறாதவர் எல்லோருக்கும் அந்த வழி தேவைப்படும். அதைக் கேட்க மருத்துவச் சான்று காட்டச் சொல்வது அநாகரிகம்.

சான்று காட்டாவிட்டாலும் ஹெட்செட் காட்டிக்கொடுத்துவிடும் என்பது தனி விவகாரம். தலையும் கைகளும் எப்படி அசைகின்றன என்பதை அது விநாடிக்குப் பல பத்து முறை பதிகிறது. 2023இல் பெர்க்லி ஆய்வாளர்கள், 50,000க்கும் மேற்பட்டோரின் விளையாட்டு அசைவுகளை வைத்துப் பார்த்தபோது, 100 விநாடி அசைவிலிருந்தே ஆள் யாரென்று 94 சதவீதம் சரியாகச் சொல்ல முடிந்தது. ஆளையே சொல்லிவிடும் பதிவு, கை நடுக்கத்தையும், கழுத்து திரும்பாததையும், இடப்பக்கம் பார்வை இல்லாததையும் சொல்லாமல் விடாது. பயிற்சிக்கு அனுப்பியவர் சம்பளம் கொடுப்பவராகவும் இருக்கும் இடத்தில் இது வேலையைத் தொடும் சங்கதி. தேர்ச்சி பெற்றாரா இல்லையா என்பது நிர்வாகத்துக்குப் போகலாம். மூல அசைவுப் பதிவு எங்கே சேமிக்கப்படுகிறது, எத்தனை நாள், அதைத் திறந்து பார்க்கும் அனுமதி யாருக்கு என்ற மூன்று கேள்விகளுக்கும் பதில், ஹெட்செட் வாங்கும் ஒப்பந்தத்தில் விலைக்கு அடுத்த வரியிலேயே இருக்க வேண்டும்.